மூன்றாவது சரணம்

இரவு பதினொன்றே முக்கால். புக்கெகோஹி என்கிற ஊருக்கு வெளியே, வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவால் போகும் ரோடு. விளக்கில்லை, வீடில்லை… பிடுங்கிப் போட்ட வெங்காய வாசம் மட்டும்.

"கதவை இறக்கிவிடு, அன்றூ. பிறகு பயந்து ஓடக்கூடாது," என்றேன். ஏவன்டேலில், என் கராஜில், ஹீட்டரைச் சுற்றி ஐந்து பேர் இருந்தோம்.

இது நடந்தது இவோனின் பெரியப்பா யேசுராசாவுக்கு. இவோனை உங்களுக்குத் தெரியும், பொய் சொல்ல வராத பிள்ளை. பெரியப்பா எழுபதுகளில், தமிழில் பொப் பாட்டு முளைவிட்ட காலத்தில், யாழ்ப்பாணத்தில் கிற்றாரோடு திரிந்தவர். ஒரே ஒரு இசைத்தட்டு, ஒரே ஒரு பாட்டு. அதை வைத்தே ஐம்பது வருஷம் பெரிய மனிதராக இருந்தார். அன்றும் அதற்காகத்தான் புக்கெகோஹியில் பொன்னாடை போர்த்தினார்கள்.

பாட்டில் இரண்டு சரணம்தான். மூன்றாவது வரவேண்டிய இடத்தில் முதலாவதையே திரும்பப் பாடுவார். ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

பொன்னாடையையும் கேடயத்தையும் பின் சீட்டில் போட்டுவிட்டுத் தனியே கிளென்ஃபீல்ட் வீட்டுக்குக் கிளம்பினார். பத்து நிமிஷம் போயிருக்கும்…

டிங்… டிங்… டிங்…

பின்னால் ஆள் இருக்கிறது, பெல்ட் போடவில்லை என்கிறது கார்.

"கேடயத்தோட வெயிட்டா இருக்கும்," என்றான் விக்னேஷ். "எங்க வண்டி பால் கேனுக்கே கத்தும்."

அவரும் அப்படித்தான் நினைத்தார். காரை நிறுத்தி, எல்லாவற்றையும் முன் சீட்டுக்கு மாற்றினார். பின் சீட் வெறுமை. கிளம்பினார்.

டிங்… டிங்…

பிறகு… கிளிக். பெல்ட் பூட்டுகிற சத்தம். டிங் நின்றுவிட்டது.

வெங்காய வாசம் போய், கராம்பு வாசம் வந்தது.

அந்தப் பாட்டைக் கட்டியவர் ஆனந்தராசா. பாடவேண்டியவரும் அவர்தான். பாடமுன் ஒரு கராம்பைக் கடித்துக்கொள்வார். இரண்டு சரணத்தைக் கொப்பியில் எழுதியிருந்தார். மூன்றாவதை மைக் முன்னால்தான் பாடுவேன் என்று மனதிலேயே வைத்திருந்தார்.

"கொழும்பில நான் நாள் குறிச்சுக்கொண்டு வாறன். சனிக்கிழமை ஸ்டேஷனில நில், கூட்டிக்கொண்டு போறன்." இப்படிச் சொல்லிக் கொப்பியை வாங்கிப்போனவர் யேசுராசா. போனவர் தானே பாடினார். தட்டிலும் தன் பெயரைப் போட்டார்.

ஆனந்தராசா வெள்ளைச் சேட்டை மினுக்கிப் போட்டுக்கொண்டு, சனிக்கிழமை விடிய வந்த கொழும்புக் கோச்சியைப் பார்த்தபடி நின்றார். அடுத்த சனியும் நின்றார். மூன்றாவது சனி, ஸ்டேஷன் தேத்தண்ணிக் கடை ரேடியோவில் தன் பாட்டைக் கேட்டார்… சிநேகிதனின் குரலில். அந்த வருஷமே செத்துப்போனார். காய்ச்சலாம். நான் நம்பவில்லை. ஒரே கோப்பையில் சாப்பிட்டவன் கழுத்தறுத்தால் மனிதன் வேறெப்படிச் சாவான்?

இப்போது யேசுராசாவின் காதுக்குப் பின்னால்…

டிக்.

கராம்பு கடிபடுகிற சத்தம்.

"மச்சான், மூண்டாவதையும் படிப்பமே?"

பாடியது. முழுதாக, நிதானமாக. கோபமே இல்லாத குரல்.

விடிய, போனில் அவர் இருக்கிற இடம் பார்த்து இவோன் தேடிப் போனாள். புக்கெகோஹி ஸ்டேஷன் பிளாட்ஃபாரத்தில், பொன்னாடையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். ஐம்பது வருஷமாக மறைத்ததெல்லாம் அவர் வாயாலேயே வந்தது அப்போதுதான்.

"மூண்டாவதில என்ன இருந்தது, பெரியப்பா?"

"என்ர பேர்," என்றார். "என்ர சிநேகிதன் யேசுராசன் எண்டு… எனக்காகக் கட்டினது, பிள்ளை. அதாலதான் எனக்குச் சொல்லாமல் வச்சிருந்தவன்."

அன்றூ கராஜ் கதவைத் திரும்பிப் பார்த்தான்.

"வீட்ட போவம், எழும்புங்கோ," என்றாள் இவோன்.

"ஆனந்தன் நிக்கச் சொன்னவன். வந்து கூட்டிக்கொண்டு போவான். அவன் என்னைப்போல இல்லை."

அதற்குப் பிறகு அவர் பாடவில்லை. சனிக்கிழமை விடிந்தால் சேட்டை மினுக்கிப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பார். இவோன்தான் ஸ்டேஷனுக்கு ஏற்றிப் போய், மத்தியானம் திருப்பிக் கூட்டிவருகிறாள்.

போன சனி நான் அவர்கள் வீட்டு கேற்றடியில் நின்றேன். பெரியப்பா முன் சீட்டில் ஏறினார். இவோன் காரை ஸ்டார்ட் பண்ணமுதல் பின் கதவைத் திறந்து, வெறும் சீட்டுக்குக் குறுக்கே பெல்ட்டை இழுத்துப் பூட்டினாள்.

மெதுவாக… கையை நன்றாக உயர்த்தி… இருக்கிற ஆளில் முட்டாமல்.