சிரிக்கிறவன்தான் வில்லன்

காமிக்ஸ் பார்க்க இங்கிலீஷ் தெரிய வேண்டியதில்லை, இன்ஸ்பெக்டர் சார். படமே போதும். நான் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் உங்கள் மேசைமேல் கிடக்கிற அந்தப் புத்தகத்தை என் அளவுக்குக் கவனமாகப் பார்த்தவர் இந்த மலையில் யாரும் இருக்க மாட்டார்கள்.

கம்போங் ராஜா டவுனில் பழைய பேப்பர் கடையில் வாங்கினேன். பக்கமெல்லாம் ஒரே கறுப்பு. மை மிஞ்சிப்போனவன் போட்ட புத்தகம் போலிருந்தது. கதாநாயகனுக்கு முகமூடி, வட்டக் கண்ணாடி, முழங்கால் வரை பூட்ஸ். நான் தேயிலைக்கு மருந்தடிக்கிறவன். அந்த மூன்றும் எனக்கு எஸ்டேட்டிலேயே கொடுத்திருக்கிறார்கள். மழைக்குப் போர்த்தும் பிளாஸ்டிக்கை முதுகில் கட்டிக்கொண்டால் நானும் அவனும் ஒன்றுதான். அவன்மேல் மருந்து வாடை அடிக்காது, அவ்வளவே.

வில்லன் எப்போதும் சிரித்துக்கொண்டிருப்பான். எங்கள் எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதுகிற கிராணி ராதாகிருஷ்ணனும் அப்படித்தான். கொழுந்து பறிக்கிற ரஞ்சிதத்தைத் தை மாதம் கட்டப்போகிறேன் என்று வீடு வீடாகப் பத்திரிகை வைத்தபோதும் சிரித்தான். அவளைக் காப்பாற்றுவது என் பொறுப்பாகிவிட்டது. அவளிடம் இதை நான் சொன்னதில்லை. புத்தகத்திலும் முகமூடிக்காரன் தான் காப்பாற்றுகிற பெண்ணிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை. பொறாமை என்று சிலர் சொல்வார்கள். கல்யாணத்துக்குக் கொடுக்க எவர்சில்வர் குடமே வாங்கி வைத்திருந்தேன்.

நேற்றுக் காலை நல்ல பனிமூட்டம். முகமூடி, கண்ணாடி, பூட்ஸ், முதுகில் பிளாஸ்டிக்கோடு வளைவில் நடு ரோட்டில் நின்றேன். கிராணி மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

"என்னா லா சிவசாமி, யாருக்கு இந்த வேஷம்? கல்யாணத்துக்கு இப்படியே வந்துடாத, பிள்ளைங்க அழும். வழி விடு லா, துரை தேடுவாரு."

மோட்டாரோடு சேர்த்துச் சரிவில் தள்ளினேன்.

அந்தப் புத்தகத்தில் எனக்கு ஒரே குறை. முகமூடிக்காரன் வில்லனை மாடியிலிருந்து தள்ளிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடுகிறான். சில பக்கம் கழித்து வில்லன் தலையில் கட்டோடு வந்து சிரிக்கிறான். மறுபடியும் கொல்ல வேண்டியிருக்கிறது. இரட்டை வேலை. அதனால் நான் சரிவில் இறங்கிப் போய்ப் பார்த்தேன். ராதாகிருஷ்ணன் ஒரு தேயிலைச் செடியைப் பிடித்தபடி கிடந்தான். தண்ணீர் கேட்டான். என்னிடம் மருந்தடிக்கிற முதுகுப் பம்பில் இருந்ததுதான் இருந்தது. அதைக் கொடுத்தேன். அதற்குப் பிறகு அவன் சிரிக்கவில்லை.

கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். முகமூடிக்காரன் நடுவில் நிற்கிறான். சுற்றிலும் ஜனங்கள் வாயைத் திறந்து அவனை வாழ்த்துகிறார்கள். நீங்கள் எழுத்தைப் படித்துவிட்டு, "கொலைகாரன் கொலைகாரன்னு கத்துறாங்கடா, மடையா" என்கிறீர்கள். எழுதுகிறவன் ஆயிரம் எழுதுவான், சார். நான் படத்தைத்தான் நம்புவேன்.

இன்று காலை என்னை ஜீப்பில் ஏற்றியபோது லயத்து வீடுகளின் ஜனங்கள் அத்தனை பேரும் அதே மாதிரி சுற்றி நின்றார்கள். கண்ணாடியை ஏற்றியிருந்தீர்கள், சத்தம் கேட்கவில்லை. ரஞ்சிதத்தின் வாய்தான் எல்லாரையும்விடப் பெரிதாகத் திறந்திருந்தது.

நான் அவளுக்குக் கை காட்டினேன்.