தோனெவெல்லிடே என்கிற குடும்பம்

அட, உக்காருங்க டாக்டர். கிராக்கோவ்லேருந்து இந்த சோஃபியா வரைக்கும் ரெண்டு ரயில் மாறி வந்திருக்கீங்க, ஒரு காபி குடிக்க நேரமில்லையா? நீங்க கேட்ட மைக்ராஸ்கோப் கண்ணாடிச் சில்லு எங்கேயும் ஓடிடாது. பதினெட்டு வருஷமா அந்த அலமாரியிலதான் கெடக்கு. ரொசித்சா பதினோரு மணிக்குத்தான் வருவா. வரும்போது எல்லாருக்கும் சுடச்சுடச் சீஸ் வெச்ச பனித்சா வாங்கிட்டு வருவா. ம்யூசியமே அவளைப் புகழ்ந்துக்கிட்டே திங்கும்.

பொறாமையா? எனக்கா? சரி, பொறாமைதான். எதுக்கு மறைக்கணும்? காலேஜ்லேருந்து ஒண்ணா இருக்கோம். ஜன்னலோர மேசை அவளுக்கு. புது மைக்ராஸ்கோப் அவளுக்கு. நான் பாசியை உதறி, கண்ணுக்கே தெரியாத உண்ணியை ஊசி முனையில ஒவ்வொண்ணா பொறுக்கி வெப்பேன். அவ வந்து ஒரு தடவை குனிஞ்சு பாத்துட்டு, அடியே, இது புதுசுடீம்பா. டைரக்டர் அவ தோளைத் தட்டுவாரு. என்கிட்ட, கீழே சிந்தின மண்ணைக் கூட்டிடும்மாம்பாரு. வயிறு எரியாதா, நீங்களே சொல்லுங்க?

இந்த தோனெவெல்லிடே கதையும் அதேதான். வித்தோஷா மலைப் பாசியில நான் பொறுக்கின உண்ணி. வெளுப்பா, மெத்துமெத்துன்னு, முதுகெல்லாம் சுருக்கமா இருந்துச்சு. எந்தக் குடும்பத்துலயும் சேராது, தனிக் குடும்பம்னு அவ குதிச்ச குதி இருக்கே! இந்த ஜாதியில குட்டிக்கும் வளந்ததுக்கும் உருவத்துல சம்பந்தமே இருக்காதுன்னு உங்களுக்குத் தெரியாததா? அத்தனை படம் வரைஞ்சாளே, ஒண்ணோட வயித்துலயாவது முட்டையைப் பாத்தாளாங்கறேன்.

ஆமா ஆமா, உங்க மரபணுக் கணக்கு சரிதான். அது குடும்பமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. அந்த மலையில காலடியிலெல்லாம் கெடக்குதே கறுப்பு உண்ணி, அதோட குட்டி. எனக்கு எப்படித் தெரியும்னா, ரெண்டை உயிரோட டப்பியில வெச்சு வளத்தேன். ஒரு நாள் காலையில பாத்தா, வெள்ளைத் தோல் முதுகுல பிளந்து, உள்ளேருந்து ஓடு போட்ட பெருசு எட்டிப் பாக்குது. அப்படியே எடுத்து சில்லுல பதிச்சுட்டேன்.

அவகிட்டயா? மூச்சு விடல. கட்டுரை அச்சாக இன்னும் மூணு வாரம் இருந்துச்சு. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பா. வரட்டும்டி, ஊரே பாக்க மூக்கு உடையட்டும்னு கமுக்கமா இருந்தேன். மறுப்புக் கட்டுரை நாலு பக்கம் எழுதியும் வெச்சுட்டேன்.

இந்தாங்க, இதுதான் நீங்க தேடி வந்த சாட்சி. லேபிள் என் கையெழுத்து. மார்ச் ஒம்பது. அவ கட்டுரை வந்தது ஏப்ரல் ரெண்டு. தேதி இல்லாம இங்க ஒரு சில்லும் அலமாரிக்குள்ள போகாது, எழுதினதைச் சுரண்டவும் கூடாது. உங்க கட்டுரையில தேதியைப் பாத்தா, நான் முன்னாடியே தெரிஞ்சு வாயை மூடிக்கிட்டு இருந்தேன்னு அவளுக்குப் புரிஞ்சுடும். அதை விட்டுட்டு எழுத முடியாதா? முடியாது. தெரியும், சும்மா கேட்டுப் பாத்தேன். எடுத்துக்கோங்க. மறைச்சு மறைச்சு எனக்கும் அலுத்துப் போச்சு.

மறுப்பை ஏன் அனுப்பலையா?

அன்னிக்குப் பத்திரிகைக் கட்டு வந்ததும், அவ பிரிக்காம என் மேசையில கொண்டாந்து வெச்சு, நீ பிரிடீன்னா. மறுப்பு என் கைப்பையில இருக்கு. பிரிச்சேன். தலைப்புலயே தோனெவெல்லிடேன்னு பேரு. நம்ம தொழில்ல தன் பேரைத் தானே ஒரு உண்ணிக்கு வெச்சுக்கறது மரியாதை இல்ல, இன்னொருத்தங்கதான் வெக்கணும், இல்லையா? கதவுல கிரோவான்னு போட்டிருக்கே, அது கல்யாணத்துக்கப்புறம் வந்த பேரு. காலேஜ்ல நான் தோனெவா.

அவ எனக்குப் பேரு வெச்சுக்கிட்டு இருந்திருக்கா, நான் அவ விழறதுக்கு நாள் எண்ணிக்கிட்டு இருந்திருக்கேன். அதுலயும் அவதான் ஜெயிச்சா, பாருங்க.