புளித்த மாவோடு காட்டுக்குள்

ஆமியின் ஹெலி திரும்புகிறது. சத்தம் முதலில் குளக்கட்டுப் பக்கம். பிறகு தலைக்கு மேல். டக டக டக. பாலை மரத்தடியில் குப்புற விழுகிறோம். வாய்க்குள் மண்.

"அசையாதேங்கோ! அங்கியைக் கழட்டி வயித்துக்குக் கீழ வையுங்கோ! வெள்ளை மேல தெரியும்!"

கத்தியது செல்வராணி அக்கா. எங்கள் மாதர் சங்கத்தின் தலைவி. நாங்கள் பேக்கரி வேலைக்குப் போடும் வெள்ளை அங்கியோடு அப்படியே ஓடி வந்திருந்தோம். கழற்ற யாருக்கு நேரம் இருந்தது? படுத்தபடியே கழற்றுகிறேன். முடிச்சு அவிழவில்லை. இழுத்து அறுத்தேன்.

1986. வைகாசி மாதம். வவுனியாவில், செட்டிகுளத்துக்குக் கிட்ட எங்கள் குடியிருப்பு. காலையில் ஆமி அடித்த ஷெல் வந்தது. முதலில் தூரத்தில் ஒரு 'டும்'. பிறகு விசில் போல ஒன்று. பிறகு தரை அதிரும். ஒன்று வயலில் விழுந்தது. அடுத்தது பள்ளிக்கூடத்துக்குப் பின்னால். அதற்குப் பிறகு ஊரில் ஒருவரும் நிற்கவில்லை. மற்றப் பெண்கள் பிள்ளைகளோடு வேறு பாதையில் போய்விட்டார்கள். காட்டுக்குள் நாங்கள் மூன்று பேர். செல்வராணி அக்கா, புஷ்பம், நான்.

புஷ்பத்தின் கையில் ஒரு பால்மா டின். உள்ளே புளித்த மா. பிணைந்த கோதுமை மா, ஒரு தேங்காய் அளவு. உயிருக்கு ஓடுகிறவர்கள் நகையை எடுப்பார்கள், காணி உறுதியை எடுப்பார்கள். நாங்கள் மாவை எடுத்தோம். பைத்தியக்காரிகள் என்று பிறகு பலர் சொன்னார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்?

நான் மலையகத்தில் பிறந்தவள். எழுபத்தேழுக் கலவரத்தில் எங்கள் லயம், தோட்டத்து வரிசை வீடு, எரிந்தது. லொறியில் வவுனியா வந்தோம். என் கணவர் காடு வெட்டிக் காணி திருத்தினார். மலேரியா வந்தது. போய்விட்டார். அதன் பிறகு கொழுந்தனாரின் மிளகாய்த் தோட்டத்தில் எனக்குச் சோறு. சோறு மட்டும்தான். விடிந்தால் தோட்டம், பொழுதுபட்டால் அவர்கள் வீட்டுக் குசினி. கூலி என்ற பேச்சே இல்லை. கேட்டால், குடும்பத்துக்குள் என்ன கூலி என்பார்.

ஒரு நாள் செல்வராணி அக்கா சைக்கிளில் வந்து தோட்டத்து வேலியோரம் நின்றார். ஊரில் உள்ளவர்களே சேர்ந்து தொடங்கிய சின்னச் சங்கம் அது. வெளிநாட்டுக் காசு கிடையாது, பெயர்ப்பலகைகூடக் கிடையாது.

"உமக்கு என்ன வேலை தெரியும்?"

"கொழுந்து எடுக்கத் தெரியுங்க."

"இங்க தேயிலை இல்லையே. பாண் போடப் பழகுவீரோ?"

பேக்கரிப் பாணை நாங்கள் போடுவதா? பகிடி என்று நினைத்தேன். பகிடி இல்லை. சங்கத்து வளவில் போறணை, பாண் சுடும் பெரிய அடுப்பு, கட்டி முடித்திருந்தார்கள். வவுனியாவிலிருந்து ஒரு பேக்கரிக்காரர் வந்து பழக்கினார். பொம்பிளையள் கை வைத்தால் மா எழும்பாது என்று ஊரில் கதை. முதல் நாள் பாண் செங்கல் மாதிரித்தான் வந்தது. ஊரே சிரித்தது. நாங்களும் சிரித்துவிட்டு அதையே தேநீரில் ஊறவைத்துத் தின்றோம்.

பிறகு எழும்பியது. விடியற்காலையில் போறணையை எரித்து, தணலை இழுத்துவிட்டு, பாணைத் தள்ளி வாயை மூடுவோம். சைக்கிள் ஓடவும் சங்கத்திலேயே பழக்கினார்கள். பின்னால் பெட்டி கட்டி ஊர் ஊராய்ப் போனோம். புஷ்பம்தான் எல்லோரிலும் வேகம். யாழ்ப்பாணத்திலிருந்து குளத்துக் காணிக்குக் குடிவந்த குடும்பம் அவளுடையது. அவள் புருஷனை ஒரு சுற்றிவளைப்பில் ஆமிக்காரர்கள் கொண்டுபோனார்கள். ஆள் திரும்பவில்லை. அண்ணன் வீட்டில் அடுப்படியில் கிடந்தவள். பாண் வித்த காசில் தனியாக ஒரு கொட்டில் போட்டாள். தனக்கென்று ஒரு பானை வாங்கினாள். அதைத் தலையில் வைத்துக்கொண்டு சந்தையிலிருந்து நடந்தே வந்தாள், எல்லோரும் பார்க்கட்டும் என்று. அவர்கள் 'ஓம்' என்கிற இடத்தில் நான் சொல்லும் மலையக 'ஆமா'வைக் கேட்டால் விடமாட்டாள். "ஆமாக்காரி வாறா, வழி விடுங்கோ" என்பாள். கொழுந்தனாரும் ஒரு நாள் பாண் வாங்க வந்தார். காசை வாங்கிக்கொண்டுதான் கொடுத்தேன். எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொல்லத் தெரியாது.

அந்த வருஷம் ஆமி பாதையை அடிக்கடி மூடியது. எப்படியோ மா மூட்டை வந்தது. மாவை எழுப்பும் ஈஸ்ற் வரவில்லை. செல்வராணி அக்கா ஒரு வழி கண்டுபிடித்தார். பிணைந்த மாவில் ஒரு பிடியைத் தினமும் எடுத்து வைப்போம். அது புளிக்கும். நாளைய மாவை அது எழுப்பும். நாளைக்கும் ஒரு பிடி. இப்படியே மாதக்கணக்காய் ஓடியது. அந்தப் பிடி மா செத்தால் போறணை குளிர்ந்துவிடும். போறணை குளிர்ந்தால் நான் மிளகாய்த் தோட்டத்துக்கு, புஷ்பம் அண்ணன் வீட்டு அடுப்படிக்கு. அதனால் அதைப் பிள்ளை போலப் பார்த்தோம். மேலே ஒரு ஈரத்துணி. மூடியைச் சும்மா வைப்போம், இறுக்கமாட்டோம். புளிக்கிற மாவுக்குக் காற்றுப் போக வேண்டும்.

ஷெல் விழுந்தபோது அக்கா போட்ட சத்தம் இன்னும் காதில் நிற்கிறது. "மாவை எடுங்கோ! மற்றதெல்லாத்தையும் விடுங்கோ!"

புஷ்பம் எடுத்தாள். டின்னுக்குள் போட்டாள். மூடியை அழுத்தினாள். மா மூட்டைக் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினாள்.

"இறுக்கிக் கட்டிட்டன் அக்கா. இனிச் சிந்தாது."

நல்லது என்றார் அக்கா. நானும் பார்த்தேன். ஓடுகிற அவசரத்தில் யாருக்கும் அது பிழையாகத் தெரியவில்லை.

ஹெலி போய்விட்டது. எழும்பி நடக்கிறோம். வெயில் ஏறுகிறது. டின் சுடுகிறது என்று புஷ்பம் சீலைத் தலைப்பால் சுற்றிப் பிடிக்கிறாள். மதியம் தாண்டி ஒரு வண்டிப் பாதை வந்தது. கடக்கப் போகிறோம். சப்பாத்துச் சத்தம். காய்ந்த சருகில் சரக், சரக். பற்றைக்குள் விழுந்தோம். ஆமிக்காரர்கள். பாதையோரம் இருந்தார்கள். தண்ணீர் குடித்தார்கள். ஒருவன் இருமினான். நான் மூச்சை அடக்கிக்கொண்டு கிடக்கிறேன்.

கயிறு நெரியும் சத்தம் கேட்டது. மெல்லிய கிரீச். புஷ்பம் என்னைப் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது. கை முடிச்சுக்குப் போனது.

டப்.

பெரிய சத்தம் இல்லை. சோடாப் போத்தல் திறக்கிற சத்தம். கயிறு அறுந்து மூடி பறந்து மரத்தில் பட்டது.

அவர்கள் சுடத் தொடங்கினார்கள். எங்களைப் பார்க்கவில்லை. பற்றையைச் சுட்டார்கள். இலைகள் கொட்டின. செல்வராணி அக்கா எழும்பினார்.

"ஓடுங்கோ! குனிஞ்சு ஓடுங்கோ! நிக்காதேங்கோ!"

அந்தக் குரலுக்குச் சுட்டார்கள். நாங்கள் ஓடினோம். அவர் வரவில்லை.

அடுத்த நாள் ஒரு வண்டிக்காரரைக் கூட்டிக்கொண்டு போனோம். அக்காவை அங்கேயே புதைத்தோம். டின் சரிந்து கிடந்தது. மா வெளியே வழிந்து காய்ந்து எறும்பு மொய்த்திருந்தது. அடியில் கொஞ்சம் ஈரமாக இருந்தது. நான் சுரண்டி எடுத்தேன். புஷ்பம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அகதிகளாய்த் தங்கிய பள்ளிக்கூடத்தில் ஒரு சுண்டு மா இரந்து வாங்கி அதில் கலந்தேன். எழும்பியது. புற்று மண்ணால் போறணை கட்டினோம். மற்றப் பெண்களும் வந்து சேர்ந்தார்கள். இந்திய ஆமி வந்து, நாங்கள் மறுபடி மறுபடி இடம்பெயர்ந்தபோதும் அந்த மாவை விடவில்லை. மூடியைக் கட்டவும் இல்லை.

புஷ்பம் மாவைத் தொடவில்லை. கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் ஒன்றைத்தான் சொன்னாள். "நான்தான் கட்டினனான்."

"கட்டினது நீ. சுட்டது நீ இல்லை" என்றேன். எத்தனையோ தரம் சொன்னேன். கோபமாகவும் சொன்னேன், அழுதும் சொன்னேன். எனக்கே களைத்துப் போனது. கடைசியில் அவள் அண்ணன் வந்து கூப்பிட்டார். அவர் பின்னால் போனாள். பிறகு ஒரு முறை போய்ப் பார்த்தேன். அண்ணிக்கு விறகு கொத்திக்கொண்டிருந்தாள். ஆமாக்காரி வந்திருக்கிறேன் என்றேன். நிமிரவில்லை.

இழந்தவற்றைச் சொல்லி முடிக்கிறேன். போறணை, ஷெல் விழுந்து வாய் பிளந்தது. மா மூட்டைகள். பாண் பெட்டி கட்டிய சைக்கிள்கள். பிணைகிற மேசை. புஷ்பத்தின் கொட்டில், அவளுடைய பானை. செல்வராணி அக்கா.

புஷ்பம்.

இரண்டு பேர். ஒருவரைத்தான் புதைத்தோம்.