கண்ணடிக்கிற ஜீப்புக்காரர்

இந்து: ...மறுபடியும் நாற்காலியத் திருப்பிப் போட்டுட்டீங்களா? இப்பத்தானே வீட்டக் கூட்டிட்டு நேராப் போட்டேன்.

ஈஸ்வரன்: இப்படி இருந்தாத்தான் டிவி நல்லாத் தெரியுது.

இந்து: டிவி இங்க இருக்கு. நீங்க அங்க ஜன்னலப் பாத்து உக்காந்துக்கிட்டு, கண்ண மட்டும் இந்தப் பக்கம் ஓட்டுறீங்க. என்னையப் பொண்ணு பாக்க வந்தப்ப உக்காந்த மாதிரியே இருக்கு.

ஈஸ்வரன்: அன்னிக்கும் நல்லாத்தான் தெரிஞ்சுச்சு.

இந்து: பேச்சுக்குக் குறைச்சல் இல்ல. இந்தாங்க டீ... ஐயோ, பாத்து! டம்ளர் இங்க இருக்கு, கை எங்க போகுது?

ஈஸ்வரன்: சூடா இருக்குமேன்னு...

இந்து: காலையிலயே ஊத்திட்டீங்களா? வாயை ஊதுங்க.

ஈஸ்வரன்: ஹாஆ...

இந்து: பேஸ்ட் வாசம்தான் வருது.

ஈஸ்வரன்: ஏமாந்தியா!

இந்து: ஒண்ணு கேக்குறேன். மறைக்காம சொல்லணும்.

ஈஸ்வரன்: ஏழாச்சு புள்ள. ஸ்டாண்டுல ஆளு நிக்கும். வந்து கேளேன்.

இந்து: இப்பத்தான் கேக்கணும். ஜெஸ்னாவப் பத்தி.

ஈஸ்வரன்: எந்த ஜெஸ்னா?

இந்து: எந்த ஜெஸ்னாவா! ஹெல்த் சென்டர் நர்ஸ். தினம் உங்க ஜீப்புல முன் சீட்டுல வர்றாளே, அந்த ஜெஸ்னா.

ஈஸ்வரன்: ஓ, சிஸ்டரா. அதுக்கென்ன?

இந்து: ஸ்டாண்டுல வச்சு உங்க மூஞ்சிக்கு நேரா விரல ஆட்டுனாளாம். நீங்க தலைய அசைக்காம அந்த விரலையே பாத்துக்கிட்டு நின்னீங்களாம். டீக்கடை பிஜு பாத்திருக்கான்.

ஈஸ்வரன்: ...அது சும்மா.

இந்து: சும்மா எவளாவது விரல ஆட்டுவாளா?

ஈஸ்வரன்: கொசு பறந்திருக்கும்.

இந்து: சரி, அது கொசு. முன் சீட்டுல உக்கார்ற பொம்பளைங்களப் பாத்துக் கண்ணடிக்கிறீங்களாமே, அது என்ன? குழாயடியில ஒரே சிரிப்பு. "உன் வீட்டுக்காரரு இடது கண்ண நல்லாவே அடிக்கிறாரு"ன்னு சாந்தம்மாள் அக்கா சொல்லுது. அதுக்கு அம்பத்தெட்டு வயசு! அதையுமா?

ஈஸ்வரன்: அதுவும் லட்சணமாத்தானே இருக்கு.

இந்து: சிரிக்காதீங்க. எனக்கு வயிறு எரியுது.

ஈஸ்வரன்: புகை புள்ள. ஊரு முழுக்க வெல்லம் காய்ச்சுறான். இந்த மாசத்துல மறையூர்ல எவன் கண்ணு நேரா இருக்கு?

இந்து: புகைன்னா ரெண்டு கண்ணும்தானே எரியும்?

ஈஸ்வரன்: நேரமாச்சு புள்ள, நான் கிளம்புறேன்.

இந்து: நில்லுங்க. மௌனிகா... பையை அப்புறம் மாட்டலாம், இங்க வா. அப்பா பக்கத்துல நில்லு. நீங்க இவ தலையில கை வையுங்க.

ஈஸ்வரன்: என்னத்துக்கு?

இந்து: வையுங்க, சொல்றேன்.

ஈஸ்வரன்: ஸ்கூலுக்குப் போற புள்ளயப் போயி... சரி. வச்சாச்சு. சொல்லு.

*

பெரியமுத்து: உள்ள வரலாமா தங்கச்சி?

இந்து: வாங்கண்ணே. அவரோட பதினாறு நேத்தோட முடிஞ்சுது. சொந்தக்காரங்க எல்லாம் போயாச்சு. ஸ்டாண்டுல இருந்து எல்லா ஜீப்பும் வந்துச்சு, உங்க ஜீப்பத்தான் காணோம். அவருக்கு அடுத்து நிக்கிற வண்டி உங்களோடது.

பெரியமுத்து: வர முகம் இல்ல.

இந்து: அந்த நாற்காலியில உக்காராதீங்க. இதுல உக்காருங்க.

பெரியமுத்து: சரி... சாந்தம்மாளப் பாத்துட்டு வர்றேன். கைக்கட்டு இன்னும் பிரிக்கல. அன்னிக்கு ஜீப்பு உருண்டப்ப அவன்கூட அது ஒண்ணுதானே இருந்துச்சு.

இந்து: வலிக்குதாமா?

பெரியமுத்து: வலியப் பத்தி அது பேசல. போலீஸ்காரங்க கேட்டாங்களாம், டிரைவரு தூங்கிட்டானான்னு. "இல்ல சாரே, ரெண்டு கண்ணையும் முழிச்சிக்கிட்டுத்தான் இருந்தாரு. கண்ணுல தண்ணி வழிய வழிய முழிச்சிக்கிட்டு இருந்தாரு. அந்த இடது வளைவுல, ரோடே இல்லாத பக்கம், ரோடு கிடக்குற மாதிரி திருப்புனாரு"ன்னு சொல்லுச்சாம்.

இந்து: ரெண்டு கண்ணையுமா...

பெரியமுத்து: அதான் எனக்குப் புரியல. ரெண்டையும் தொறந்து ஓட்டக் கூடாதுன்னு அவனுக்குத் தெரியும். பின்ன ஏன் தொறந்தான்?

இந்து: என்ன சொல்றீங்க அண்ணே? ஏன் தொறக்கக் கூடாது?

பெரியமுத்து: அவனுக்கு எல்லாமே ரெண்டு ரெண்டாத் தெரிஞ்சுச்சு தங்கச்சி. ஏழு வாரமா. ரோடு ரெண்டு. எதிர்ல வர்ற பஸ்ஸு ரெண்டு. தூரத்துல பாத்தா ரொம்ப மோசம், இடது பக்கம் திரும்பிப் பாத்தா அதவிட மோசம். ஒரு கண்ண மூடுனா ஒண்ணாயிரும்.

இந்து: டம்ளர்...

பெரியமுத்து: என்னது?

இந்து: ஒண்ணுமில்ல. சொல்லுங்க.

பெரியமுத்து: கண்டுபிடிச்சது ஜெஸ்னா சிஸ்டருதான். "சேட்டா, உங்க இடது கண்ணு மூக்குப் பக்கமே நிக்குதே, தலையையும் ஒரு பக்கமாத் திருப்பியே வச்சிருக்கீங்களே"ன்னு கேட்டுச்சு. ஸ்டாண்டுலயே நிக்க வச்சு, தலைய ஆட்டாம விரலையே பாருங்கன்னுச்சு. விரல் இடது பக்கம் போச்சு. வலது கண்ணு கூடவே போச்சு. இடது கண்ணு பாதியிலயே நின்னுருச்சு. நானும் பக்கத்துல நின்னு பாத்தேன்.

இந்து: அந்த விரலா... அது அதுக்கா?

பெரியமுத்து: பின்ன எதுக்கு? மறுநாளே உடுமலைக்கு ஒரு கண் டாக்டருகிட்டக் கூட்டிட்டுப் போனேன். எழுத்துப் பலகைய ஒவ்வொரு கண்ணா மூடிப் படிக்கச் சொன்னாங்க. கடைசி வரி வரைக்கும் படிச்சான். "பாத்தியா முத்து, என் கண்ணு பருந்துக் கண்ணு"ன்னு குதிச்சான். டாக்டருதான் சொன்னாரு, "தனித்தனியா ரெண்டு கண்ணும் நல்லாருக்கு. சேந்துதான் போகல. இடது கண்ண வெளிப்பக்கம் இழுக்குற நரம்பு சோந்துருச்சு. சர்க்கரை இருக்குறவங்களுக்கு வர்றதுதான்"னு.

இந்து: சர்க்கரையா? அவருக்கா?

பெரியமுத்து: அங்க ரத்தம் எடுத்தப்பத்தான் தெரிஞ்சுது. முந்நூத்திச் சொச்சம்.

இந்து: நான் டீயில வெல்லத்தைத் தட்டித் தட்டிப் போட்டேனே...

பெரியமுத்து: சர்க்கரைக்கு மாத்திரை எழுதுனாரு. கண்ணு முக்காவாசிப் பேருக்கு மூணு மாசத்துல தானாச் சரியாயிரும்னாரு. அதுவரைக்கும் ஒரு கண்ண மறைச்சுக்க, வண்டிய மட்டும் தொடாதன்னாரு. மருந்துச் சீட்டுலயே எழுதிக் குடுத்தாரு.

இந்து: அந்தச் சீட்டு எங்க?

பெரியமுத்து: என் வண்டி டேஷ்போர்டுல. மாத்திரையும் அங்கதான். தினம் ஸ்டாண்டுக்கு வந்துதான் முழுங்குவான்.

இந்து: ஏன்? இந்த வீட்டுல ஒரு மாத்திரை வைக்க இடமில்லையா?

பெரியமுத்து: "காய்ச்சல்ல படுத்ததுக்கே சாவிய அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சவ. இதச் சொன்னா ஜீப்பையே பானைக்குள்ள போட்டுருவா"ன்னான். சீசன் நேரம், மூணு மாசம்தானே, ஒத்தக் கண்ணுல ஓட்டிக்கிறேன்னான். நானும் தலைய ஆட்டிட்டேன்.

இந்து: ஏழு வாரம்னீங்க...

பெரியமுத்து: ஆமா.

இந்து: இன்னும் அஞ்சு வாரம்.

பெரியமுத்து: குறைஞ்சுக்கிட்டுதான் வந்துச்சு. "இப்ப ரெண்டு பஸ்ஸும் ஒட்டிக்கிட்டு வருது முத்து"ன்னு சிரிச்சான். போறதுக்கு நாலு நாள் முன்னாடி. அழுதுரு தங்கச்சி.

இந்து: வரல. நீங்க இன்னும் எதையோ வச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க.

பெரியமுத்து: ஆமா. அதச் சொல்லத்தான் வந்தேன். அவன் ஒரு கண்ண மூடிக்கிட்டு ஓட்டுறத முன் சீட்டு ஆளுங்க கவனிக்க ஆரம்பிச்சாங்க. விசயம் வெளிய தெரிஞ்சா எவன் ஏறுவான்? அதான் நான்... பிஜு கடையில வச்சு, "ஈஸ்வரன் இப்பல்லாம் பொம்பளைங்களப் பாத்துக் கண்ணடிக்கிறான்டா"ன்னு கிளப்பி விட்டேன்.

இந்து: நீங்களா?

பெரியமுத்து: நான்தான். எல்லாரும் சிரிச்சாங்க. ஒருத்தரும் சந்தேகப்படல. விரலாட்டுனத பிஜு கேட்டப்பவும், சிஸ்டரு அவன்கூட விளையாடுதுன்னு நான்தான் சொன்னேன். அந்தப் பிள்ளை எவ்வளவு பெரிய உபகாரம் பண்ணுச்சு... அது பேரையும் கெடுத்தேன். ஈஸ்வரனுக்கே சிரிப்புத்தான். உன் காது வரைக்கும் வரும்னு ரெண்டு பேருமே நினைக்கல.

இந்து: வந்துச்சு.

பெரியமுத்து: வந்துச்சா? எப்ப?

இந்து: அன்னிக்குக் காலையிலதான். ஸ்டாண்டுக்கு வந்து என்ன சொன்னாரு?

பெரியமுத்து: வந்து மாத்திரைய முழுங்குனான். "இன்னிக்கு ரெண்டு கண்ணுலயும்தான் ஓட்டணும் முத்து"ன்னான். கிண்டல் பண்றான்னு நினைச்சு, ஏன்டான்னுகூட நான் கேக்கல. உனக்குத் தெரியுமா தங்கச்சி? ஏன் அப்படிச் சொன்னான்?

இந்து: மௌனிகா தலையில கை வைக்கச் சொன்னேன் அண்ணே. "இனிமே வண்டியில ஒரு கண்ண மூட மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க"ன்னேன்... என்னையே பாத்தாரு, தலைய ஒரு பக்கமாத் திருப்பிக்கிட்டு. அவரு அப்படித் திருப்புனதே எனக்குக் கள்ளமாத் தெரிஞ்சுச்சு. அப்புறம் "மூட மாட்டேன்"னு சொன்னாரு. எந்திரிச்சுப் போறப்ப அந்த நாற்காலியில இடிச்சுக்கிட்டாரு, நான் ஏன்னுகூடக் கேக்கல... பாருங்க, இன்னும் ஜன்னலப் பாத்துத்தான் கிடக்கு.