பாலத்து விளக்கு

பிளேன்டீ போதும் ஐயா, பிஸ்கட் வேண்டாம். நான் தமிழில் சொல்கிறேன், நீங்கள் சிங்களத்தில் எழுதிக்கொள்ளுங்கள். எங்காவது தடைப்பட்டால் நானே மொழிபெயர்த்துத் தருகிறேன். தோட்டத்தில் எல்லாருக்கும் அந்த வேலையைத்தான் செய்துவருகிறேன்.

முதலில் றம்ஸானை ரிமாண்டிலிருந்து விடுங்கள். ஜீவராணியை அவன் தொடவில்லை. ஓப்பநாயக்க சந்தியில் ஏற்றி, தோட்டத்து வளைவில் இறக்கிவிட்டுப் போனான், அவ்வளவுதான். அவளுடைய போன் அவன் த்ரீவீலில் கிடந்தது என்றால், அவள் மறந்து இறங்கிவிட்டாள் என்று அர்த்தம். பாலத்தைக் கடக்கும்போது அவள் கையில் வெளிச்சம் இல்லாமல் போனதும் அதனால்தான்.

என் பெயர் கஜேந்திரன், தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன் என்பதெல்லாம் போன முறையே எழுதினீர்கள். நான் வானம் பார்ப்பவன் என்பதை எழுதவில்லை. பாடசாலை மைதானத்தில், என் குவாட்டர்ஸ் வாசலுக்கு முன்னால் கமராவை வைத்து நட்சத்திரங்களின் வெளிச்சத்தை அளப்பேன். சில நட்சத்திரங்கள் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் உண்மையில் இரண்டு. ஒன்றையொன்று சுற்றும்போது, ஒன்று மற்றதை மறைத்தால் வெளிச்சம் குறையும். பக்கத்து நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு, அது எப்போது ஆகக் குறைந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். சம்பளம் இல்லாத வேலை, பெண்டாட்டி பிள்ளை இல்லாதவனுக்குப் பொருத்தமான வேலை.

ரிஷப ராசிப் பக்கம் நான் பார்த்துவந்த நட்சத்திர ஜோடி, சில வருஷம் கணக்குக்கு முந்தியும் சில வருஷம் பிந்தியும் மங்கியது. கண்ணுக்குத் தெரியாத மூன்றாவது ஒன்று கூட இருந்து அந்த இரண்டையும் இழுக்கிறதோ என்று எனக்குச் சந்தேகம். வெளிநாட்டில் இதே வேலை செய்கிறவர்கள் என் அளவுகளைக் கேட்டு எழுதினார்கள். தோட்டத்தில் படிவம் நிரப்பித் தரச் சொல்வதைத் தவிர என்னிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை. அந்தச் சந்தோஷத்தை உங்களுக்குச் சொல்லி விளங்கவைக்க இப்போது எனக்குத் தெம்பில்லை.

மின்வெட்டு வருஷத்தில் நாடே சபித்துக்கொண்டிருந்தபோது நான் மட்டும் மனதுக்குள் நன்றி சொன்னேன். அப்படி ஓர் இருட்டு. பிறகு கரண்ட் ஒழுங்காக வந்தது, கூடவே பாலத்து விளக்கும் வந்தது. அதைக் கேட்டுப் பிரதேச சபைக்கு மனு எழுதியவனும் நான்தான். கைப்பிடி இல்லாத பாலம், கீழே ஓடையும் பாறையும். கார்மென்ட் வேலைக்குப் போகிற பிள்ளைகள் இருட்டில் அதைக் கடந்துதான் லயத்து வீடுகளுக்கு ஏற வேண்டும். கரண்ட் பாடசாலையிலிருந்து போனதால் சுவிட்சை என் வாசலில் வைத்தார்கள். சேர் பொறுப்பில் இருந்தால் நம்பி இருக்கலாம் என்றார்கள்.

அந்த விளக்கு என் கமராவுக்கு நேர் எதிரே. மற்றப் பக்கமெல்லாம் றப்பர் மரம், வேறு இடமில்லை. ஆகவே அந்த ஜோடி மங்குகிற மாலைகளில் மட்டும் விளக்கைப் போடாமல் விட்டேன். பல்ப் போய்விட்டது, சபைக்குச் சொல்லியிருக்கிறேன் என்பேன். மறுநாள் எரியும். சபைக்காரர்கள் இவ்வளவு சுறுசுறுப்பா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. சேர் சொன்னால் வேலை நடக்கும் என்று பெருமைப்பட்டார்கள்.

அன்று காலை ஜீவராணி வேலைக்குப் போகிற வழியில் என் வாசலில் நின்றாள். என்னிடம் படித்த பிள்ளை.

“சேர், இன்னிக்கி ஓவர் டைம். வர இருட்டிரும். பாலத்து லைட்டு எரியுமாங்க?”

“எரியும்மா. நீ போயிட்டு வா.”

சொல்லும்போதே அன்று என்ன மாலை என்று எனக்குத் தெரியும். ஐரோப்பாவில் அந்த நேரம் பகல், அவுஸ்திரேலியாக்காரருக்கு ரிஷபம் இறங்கிவிடும். எங்கள் பக்கத்து வானத்துக்கு மட்டும் கிடைத்த மாலை. ஓவர் டைம் என்றால் எப்படியும் பிந்தித்தான் வருவாள், அதற்குள் முடித்துவிட்டு விளக்கைப் போடலாம் என்று எண்ணிக்கொண்டேன். அவள் பஸ்ஸுக்குக் காத்திராமல் த்ரீவீலில் வருவாள் என்று நான் நினைக்கவில்லை.

தோட்டத்தின் கீழ் டிவிஷன் கோயிலில் திருவிழா. லயத்தில் பாதிப்பேர் அங்கே, மீதிப்பேர் காதில் ஸ்பீக்கர் சத்தம். ஓடையிலிருந்து வந்த குரல் எனக்கு மட்டும்தான் கேட்டது.

“சேர், இருக்கீங்களா? விழுந்துட்டேங்க. கால் ஒடிஞ்சிருச்சி போல.”

நான் எழுந்திருக்கவில்லை. நட்சத்திரம் மங்கிக்கொண்டிருக்கிறது, இப்போது விட்டால் இந்த வருஷத்து அளவு போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கால்தானே, பொறுத்துக்கொள்வாள் என்றும் சொல்லிக்கொண்டேன். அவள் பல தடவை கூப்பிட்டாள். ஒவ்வொரு தடவையும் குரல் சற்று இறங்கியது. பிறகு ஸ்பீக்கர் சத்தம் மட்டும் கேட்டது.

அதன்பிறகு எழுந்து முதலில் விளக்கைப் போட்டேன். அப்புறம்தான் ஓடிப்போய் ஆட்களைக் கூப்பிட்டேன். விழுந்ததில் சாகவில்லை, ரத்தம் போய்த்தான் செத்தாள், நேரத்துக்குத் தூக்கியிருந்தால் பிழைத்திருப்பாள் என்று டொக்டர் சொன்னதாக நீங்கள்தான் என்னிடம் சொன்னீர்கள். தாய் வெள்ளையம்மா பாலத்தில் உட்கார்ந்து, லைட்டு எரியுதே, லைட்டு எரியுதே என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். மாலையிலிருந்தே எரிந்தது என்று உங்களிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். விளக்கும் எரிந்து, பாலமும் பழகியது என்றால் எப்படி விழுவாள், யாராவது தள்ளியிருக்க வேண்டும் என்றீர்கள். நியாயமான பேச்சு. அதற்கு அகப்பட்டவன் றம்ஸான்.

நேற்று அவன் மனைவி நூரியா கைக்குழந்தையோடு வந்தாள். அவன் அப்படிப்பட்டவனில்லை என்று உங்களுக்குச் சிங்களத்தில் ஒரு கடிதம் எழுதித் தரும்படி கேட்டாள்.

“சேர், நீங்க எழுதினா நம்புவாங்க.”

எழுதிக் கொடுத்தேன். நல்ல சிங்களம். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனாள். அதற்குமேல் தாங்கவில்லை, அலுத்துவிட்டது ஐயா.

பேனாவை ஏன் நிறுத்திவிட்டீர்கள்? எல்லாம் ஒரு நட்சத்திரத்துக்காகவா என்கிறீர்கள். ஆமாம் என்று சொல்லத்தான் பஸ்ஸில் வரும்போது நினைத்திருந்தேன். கேட்பவர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகப் பட்டாலும் அதில் ஒரு கௌரவம் இருந்திருக்கும்.

எங்கள் நட்சத்திரம் மட்டும் மங்கினால் அதை மற்றது மறைக்கிறது. பக்கத்திலிருப்பவையும் சேர்ந்து மங்கினால் மேகம். அன்று எல்லாம் சேர்ந்தே மங்கின. எங்கள் சப்ரகமுவ வானம் யாருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறது? ஜீவராணி முதல் தடவை கூப்பிடுவதற்கு முன்பே மேகம் முழுக்க மூடிவிட்டது. அளப்பதற்கு அங்கே ஒன்றுமே இருக்கவில்லை. நான் சும்மாதான் உட்கார்ந்திருந்தேன்.

சுவிட்ச் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. தட்டியிருந்தால் கீழே கிடந்தவள் விளக்கைப் பார்த்திருப்பாள். போன பல்ப் தானாக எரியாது. விளக்கைப் போடாமலே கீழே இறங்கியிருந்தாலும், காலையில் எரியும் என்றீர்களே சேர் என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பாள். இத்தனை நாளும் நான் சொன்னது பொய் என்று அவளுக்கு விளங்கியிருக்கும். அந்தப் பிள்ளை முன்னால் அப்படி நிற்க என்னால் முடியாது.

அதனால் குரல் ஓயும்வரை காத்திருந்தேன். இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். வலியில்கூட அவள் என்னை மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசிவரை என்னைப் பற்றித் தவறாக அவள் ஒன்றும் நினைக்கவில்லை, ஐயா.