ஒற்றை சீட்

பேய்க்கு ராத்திரிதான் வேண்டும் என்று யார் சொன்னது? இது நடந்தது மத்தியானம் ஒரு மணிக்கு. குவாரிக்குப் போகிற சாலை... ஆள் நடமாட்டம் இல்லை, நிழல் இல்லை, ஒரு நாய்கூட இல்லை. அந்த ஜன்னலைச் சாத்திவிட்டு இப்படி நெருங்கி உட்காருங்கள். கரண்ட் வரும்போது வரட்டும்.

ஆபீசில் என் பக்கத்து மேஜைக்காரன் இருக்கிறானே, அவனுடைய பெரியம்மாவுக்கு இரண்டு பிள்ளைகள். பல வருஷத்துக்கு முன்னால் இருவரும் அப்பாவின் மோட்டார் சைக்கிளில் போய் அதே சாலையில் விழுந்தார்கள். சின்னவன் அந்த இடத்திலேயே போய்விட்டான். பெரியவனுக்கு முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். குடித்துவிட்டு ஓட்டியது பெரியவன். ஆனால் கேட்டவர்களிடமெல்லாம், தம்பிதான் ஓட்டினான், நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன் என்று சொல்லிவிட்டான். செத்தவன் எழுந்து வந்து இல்லை என்று சொல்லவா போகிறான்? பெரியம்மா அதை அப்படியே நம்பினாள். குடிகாரப் பயல் என்று சின்னவனுடைய முகத்தைக் கடைசியாகப் பார்க்கக்கூட வரவில்லை. இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று இப்போதே கேட்காதீர்கள்.

போன வருஷம் பெரியவனுக்குத் திடீரென்று அப்பா ஞாபகம் வந்தது. வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்த வண்டியைப் பிரித்துப் போட்டான். டேங்குக்குள் மண்ணெண்ணெயும் பழைய நட்டுகளும் போட்டுக் குலுக்கித் துருவைக் கொட்டினான். ஒடுங்கிய மட்கார்டைத் தட்டி நிமிர்த்தினான். எல்லாவற்றையும் போனில் படம் பிடித்து, அப்பாவின் நினைவாக என்று ஊருக்கே அனுப்பினான். தம்பியைப் பற்றி ஒரு வரி இல்லை. ஞாபகம் என்று பேர் வைத்துவிட்டால் எதற்கும் பாலிஷ் போட்டுவிடலாம் போலிருக்கிறது. அந்த ஆளை நினைத்தாலே எனக்கு வயிறு எரிகிறது.

கிக்கரை உதைத்தான். டப்... டப்... டப். வண்டி உயிர் பெற்றது. ஏறி உட்கார்ந்தான். உடனே பின்பக்கம் மெல்லத் தாழ்ந்தது... யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி. பிடரியில் இருமல் மிட்டாய் வாசனை. சிகரெட் நாற்றத்தை மறைக்கச் சின்னவன் எப்போதும் அதைத்தான் வாயில் அடக்கிக்கொள்வான்.

ஸ்பிரிங்கை மாற்றிப் பார்த்தான். மறுபடியும் தாழ்ந்தது. எங்கே போனாலும் பின்னால் ஓர் ஆள் கனம். பேசவில்லை, தொடவில்லை, சும்மா வந்தது. அன்றைக்குச் சின்னவன் எங்கே உட்கார்ந்திருந்தானோ, அங்கேதான் உட்கார்ந்திருந்தான்.

அதோடு விட்டிருக்கலாம். பெரியவன்தான் மகா கெட்டிக்காரன் ஆயிற்றே... நீள சீட்டைக் கழற்றிவிட்டு ஒற்றை சீட் மாட்டினான். பின்னால் கால் வைக்கிற கம்பிகளையும் கழற்றினான். இடமே இல்லாவிட்டால் எங்கே உட்காருவான் என்று நினைத்தான்.

சின்னவன் முன்னால் உட்கார்ந்தான்.

அந்த மத்தியானம் குவாரிச் சாலையில் டயர் மாற்றிக்கொண்டிருந்த லாரி டிரைவர் பார்த்திருக்கிறார். வண்டியில் இரண்டு பேர். ஓட்டியவன் சின்ன வயசுப் பையன், கன்னத்தில் ஏதோ மிட்டாயை அடக்கியிருந்தான். பின்னால் வெறும் மட்கார்டில், கால் வைக்க இடமில்லாமல், வயசானவர் ஒருவர் அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டு கதறிக்கொண்டே போனார். வளைவில் வண்டி திரும்பவே இல்லை.

பெரியவன் பிழைத்தான். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்தவன் என் பக்கத்து மேஜைக்காரன்தான். எல்லாவற்றையும் அவனிடம் கொட்டிவிட்டான். வளைவு வருவதற்கு முன்னால் சின்னவன் திரும்பாமலே சொன்னதையும் சொன்னான்.

"நல்லாப் பிடிச்சுக்கண்ணா... பின்னாடி உட்கார்ந்திருந்தேன்னுதானே அம்மாகிட்ட சொன்ன."

சாயங்காலம் பெரியம்மா வந்தாள். பெரியவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

"அம்மா, அன்னைக்குக் குடிச்சிட்டு ஓட்டினது நான்மா. அவன் இல்ல."

அவள் லாரி டிரைவரிடம், ஓட்டியவனின் கன்னத்து மிட்டாய் வரை எல்லாவற்றையும் விசாரித்துவிட்டுத்தான் வந்திருந்தாள். அவன் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

"இன்னமும் தம்பிய விட்டுக்கொடுக்க மாட்டேங்கறியேடா."

பிறகு யாரும் இல்லாத மூலைப் பக்கம் திரும்பினாள்.

"செத்தும் உனக்குப் புத்தி வரலியாடா?" என்று காறித் துப்பினாள்.

அந்த மூலையில் நின்றிருந்தவன் தலையைக் குனிந்துகொண்டதை என் பக்கத்து மேஜைக்காரன் பார்த்தான்.