ஓமந்தையால் வரும் வழி

வியாழக்கிழமை காலை பத்தேகாலுக்கு நான் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தேன். சீனி சற்றுக் கூடிவிட்டது. கிருசாந்தி அப்போதுதான் உள்ளே வந்தாள்.

என் தொழிலை நீங்கள் அறிவீர்கள். வவுனியா நீதிமன்றத்துக்கு எதிரே இருபத்திரண்டு வருடங்களாகச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளனாக இருக்கிறேன். முன்பு ஆசிரியர். சனம் இன்றும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். தமிழில் எழுதிக் கொழும்புக்கு அனுப்பலாம், சட்டம் தடுக்கவில்லை. ஆனால் தமிழில் போன கடிதம் ஏதாவதொரு மேசையில் படுத்துக்கிடக்கும் என்று வன்னியில் எல்லாருக்கும் தெரியும். ஆகவே கடிதங்கள் சிங்களமாக்க முதலில் என்னிடம் வரும். அவளுடையதும் வந்தது.

குகதாசனின் இறால் பண்ணை நிறுவனத்தில், கிளிநொச்சி அலுவலகத்தில், அவள் எழுதுவினைஞர். நாயாற்றில் பண்ணை இருப்பதாகச் சொல்லி நிறுவனம் ஊர் ஊராகப் பங்குகள் விற்றிருந்தது. பங்கு விற்பனையைக் கண்காணிக்கும் கொழும்பு அலுவலகத்துக்கு மூன்று பக்க முறைப்பாடு எழுதிக்கொண்டு வந்திருந்தாள்.

"நாயாத்துக்கு நேரில போய்ப் பாத்தனான் மாஸ்டர். இறாலும் இல்லை, தொட்டியும் இல்லை. காவலுக்கு ஒரு நாய் கட்டிக்கிடக்கு. அதுக்கும் சம்பளம் குடுக்கேல்லைப் போல, என்னைக் கண்டு வாலாட்டுது."

நான் சிரித்தேன். கெட்டிக்காரி.

"உமக்குப் பயமில்லையோ பிள்ளை?"

"என்ன பயம்? தகவல் குடுக்கிற ஆளின்ரை பேரை வெளியில விடேலாது. வேலையால நிப்பாட்டவும் ஏலாது. சட்டத்தில இருக்கு, வாசிச்சனான்."

அந்தச் சட்டப் பிரிவையும் பிரதியெடுத்துக் கடிதத்தோடு குத்தியிருந்தாள். நான் வாசித்துப் பார்த்தேன். நல்ல சட்டம். அவளுக்கு முழுப் பாதுகாப்பும் இருந்தது. கடிதம் கொழும்பில் சேர்ந்த பிறகு அது தொடங்கும்.

மூன்றாம் பக்கத்தில் என்னைப் பற்றியும் இருந்தது. நான் தமிழாக்கிய பங்கு விளக்கப் பத்திரத்தின் ஆங்கிலத்தில் ஒரு பந்தி உண்டு: போட்ட பணம் முழுவதையும் இழக்க நேரலாம், நிறுவனம் எந்த உத்தரவாதமும் தரவில்லை. தமிழில் அந்தப் பந்தி இல்லை. தமிழில் இருப்பது என் முத்திரை.

"நீங்கள் எழுதினதை அவங்கள் வெட்டிப்போட்டாங்கள் மாஸ்டர்," என்றாள். "உங்கட பேரையும் நாறடிக்கிறாங்கள். அதுதான் வேற ஆளிட்டப் போகாமல் உங்களிட்ட வந்தனான்."

யாரும் வெட்டவில்லை. நான்தான் எழுதாமல் விட்டேன். குகதாசன் கேட்டார், எனக்கும் சரியாகப் பட்டது. போரின் கடைசி நாட்களில் மாத்தளனால் வெளியே வந்த சனத்துக்கு, எல்லாம் இழக்க நேரலாம் என்று எழுதிக் காட்ட வேண்டுமா? அது அவர்களுக்குத் தெரியாததா? ஒரு பந்தியை விட்டேன். அவர்கள் நம்பிக்கையோடு கையெழுத்து வைத்தார்கள். அந்த நம்பிக்கையைக் கொடுத்தது நான். எந்த மேடையிலும் இதைச் சொல்வேன்.

கடிதம் போயிருந்தால் நிறுவனத்தைப் பூட்டியிருப்பார்கள். பங்கு எடுத்த ஆயிரம் குடும்பத்துக்கும் ஒன்றும் மிஞ்சியிராது. சட்டம் முதலீட்டாளரைப் பாதுகாக்கிறது என்கிறீர்கள். நானும் அவர்களைத்தான் பாதுகாத்தேன். என் முத்திரையைப் பற்றி நினைத்தீரா என்று கேட்டால், நினைத்தேன். என் முத்திரை கெட்டால் இந்த மாவட்டத்தில் எந்தக் காகிதத்தை யார் நம்புவார்?

"நாளைக்குப் பின்னேரம் மூண்டு மணிக்கு வந்து எடும் பிள்ளை," என்றேன்.

அவள் போனதும் குகதாசனுக்குப் போன் எடுத்தேன். கடிதத்தில் இருப்பதைச் சொன்னேன். அவர் இரண்டே கேள்வி கேட்டார்.

"எப்ப வாறாள்? எதில வாறாள்?"

சொன்னேன். நாளைக்கு மூன்று மணி. சிவப்பு ஸ்கூட்டி. கிளிநொச்சியிலிருந்து ஓமந்தையால்.

ஏன் கேட்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. ஏனென்று தெரியாத ஆள்தான் கேட்பான். அவருடைய ரிப்பர் லொறிகள் அந்த வீதியால் மணல் ஏற்றிப் போவது எனக்குத் தெரியும்.

அன்று பின்னேரமே மொழிபெயர்ப்பை முடித்தேன். எடுக்க வரமாட்டாள் என்று தெரிந்துகொண்டுதான் முத்திரை வைத்தேன். நீங்கள் சோதனையில் என் மேசை லாச்சியில் கண்டெடுத்தது அதுதான். முத்திரை வைத்த காகிதத்தை நான் கிழிப்பதில்லை. ஒப்பிட்டுப் பாருங்கள், ஒரு சொல் பிசகியிராது. மூன்றாம் பக்கத்தையும் அப்படியே கொடுத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை இரண்டு நாற்பதுக்கு ஓமந்தையில் ரிப்பர் அவளை அடித்தது. சாரதி அகப்படவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்த கிழமை அவளுடைய தாய் வடிவம்மா வந்தா. பொலிஸுக்கு ஒரு முறைப்பாடு, சிங்களத்தில் வேண்டுமென்றா. கதிரையைத் துடைத்து இருத்தினேன். காசு வாங்கவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவா சொல்லச் சொல்ல எழுதினேன். ஸ்கூட்டியின் நிறம், நேரம், உடைந்த தலைக்கவசம், எல்லாம்.

"உங்களிட்டத்தான் மாஸ்டர் வந்துகொண்டிருந்தவள்," என்றா. "ஏதோ கடிதமாம். எனக்கும் சொல்லேல்லை."

அந்த ஒரு வசனத்தை விட்டேன். விபத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

முத்திரை வைத்துக் கொடுத்தேன். வடிவம்மாவுக்குச் சிங்களம் தெரியாது. இருந்தும் காகிதத்தை இரண்டு கையாலும் பிடித்து, கடைசி வரி வரைக்கும் பார்த்தா. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தா.

"நான் சொன்னதில ஒண்டும் விடேல்லைத்தானே மாஸ்டர்?"